ஒரு வீட்டுப் பத்திரத்தின் நான்கெல்லை: பாரசீக ஆட்சியில் யூதர்கள்

கி.மு. 437ஆம் ஆண்டு. எகிப்தின் தெற்கு எல்லையில், இன்றைய அஸ்வான் நகருக்கு எதிரே நைல் நதியின் நடுவில் இருக்கும் எலிபன்டைன் தீவில், அனனியா என்கிற யூதர் ஒரு பழைய வீட்டை 14 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். விற்றவர்கள் பகசுஷ்டா என்கிற காஸ்பிய இனத்துப் படைவீரரும் அவர் மனைவி உபிலும். பத்திரம் பாப்பிரஸ் தாளில் அரமேய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் எழுதுவது போலவே அதிலும் நான்கெல்லை உண்டு. ஒரு பக்கம் ஷதிபரா என்ற பாரசீகப் பெயர் கொண்டவரின் வீடு. இன்னொரு பக்கம், ராஜவீதியைத் தாண்டி, ஆட்டுக்கடாத் தலை கொண்ட எகிப்திய தெய்வம் க்னூமுக்கு உரிய பகுதி. கிழக்கே அரசரின் கருவூலம். மேற்கே, மறுபடியும் வீதிக்கு அந்தப் பக்கம், யாகு தெய்வத்தின் கோயில்.

யாகு என்றால் வேறு யாரும் இல்லை, தமிழ் வேதாகமம் கர்த்தர் என்றும் யெகோவா என்றும் எழுதுகிற அதே இஸ்ரவேலின் கடவுள்தான். கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தைத் தவிர வேறெங்கும் பலி செலுத்தக்கூடாது என்று வேதாகமத்தின் உபாகமப் புத்தகம் சொல்கிறதே, அந்த இடம் எருசலேம் என்றுதானே கொள்வார்கள், அப்படியானால் எகிப்தில் எப்படி ஒரு கோயில் வந்தது? இந்தக் கேள்விக்குள் போனால்தான் பாரசீக ஆட்சியில் யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது உண்மையில் புரியும் என்று நினைக்கிறேன்.

வேதாகமம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காலம் ஒரே கோட்டில் போகிற கதையாகத்தான் மனதில் இருக்கும். நேபுகாத்நேச்சார் எருசலேமை இடித்தான், ஜனங்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான், கோரேஸ் ராஜா வந்து விடுதலை கொடுத்தான், எல்லோரும் ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்டினார்கள். இதில் ‘எல்லோரும்’ என்கிற ஒரு சொல்தான் இடிக்கிறது. பலர் திரும்பவே இல்லை. கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகர் கைக்கு வந்ததிலிருந்து 332இல் அலெக்சாந்தர் யூதேயா பக்கம் வரும்வரை, ஏறத்தாழ 200 ஆண்டுகள், யூதர்கள் குறைந்தது மூன்று இடங்களில் மூன்று விதமாக வாழ்ந்தார்கள்: யூதேயாவில் வரி கட்டும் சிறு மாகாணமாக, பாபிலோனியாவில் வாய்க்கால் பாசன விவசாயிகளாக, எகிப்தில் எல்லைக் காவல் படையாக. மூன்றுக்கும் மேலே ஒரே அரசர், ஒரே அரசாங்க மொழி, அரமேயம். சொந்த ராஜா இல்லாமலும், சொந்த மண்ணில் இல்லாமலும் ஒருவர் யூதராக இருக்கலாம் என்பது இந்த 200 ஆண்டுகளில்தான் அன்றாட வாழ்க்கையாக ஆனது.

முதலில் கோரேசைப் பார்ப்போம், வரலாற்றுப் புத்தகங்களில் சைரஸ் என்று வருபவர். ஏசாயா 45ஆம் அதிகாரம் இவரைக் கர்த்தர் அபிஷேகம் செய்தவர் என்கிறது, அதாவது ‘மேசியா’ என்கிற அதே சொல். இஸ்ரவேலர் அல்லாத ஓர் அரசருக்கு எபிரேய வேதம் அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் ஒரே இடம் இதுதான். அவருடைய கட்டளை எஸ்றா புத்தகத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் அதிகாரத்தில் எபிரேயத்தில், ஊரெங்கும் பறைசாற்றுகிற தொனியில் இருக்கிறது. ஆறாம் அதிகாரத்தில் அரமேயத்தில் வருவது வேறு மாதிரி: ஆலயத்தின் உயரம் அறுபது முழம், அகலம் அறுபது முழம், கல் வரிசை மூன்று, மர வரிசை ஒன்று, செலவு அரசாங்கத்துடையது, எடுத்துக்கொண்டு போன பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை அக்மேதா பட்டணத்து அரண்மனையில் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது (அக்மேதா என்பது இன்றைய ஈரானின் ஹமதான்). எனக்கு இந்த இரண்டாவது வடிவம்தான் பாரசீக ஆட்சியின் வாசனையோடு இருக்கிறது: அளவு, செலவு, பொருள் பட்டியல், ஒரு கோப்பு.

1879இல் பாபிலோன் இடிபாடுகளில் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் கண்டெடுத்த களிமண் உருளை ஒன்று இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சைரஸ் உருளை என்பார்கள். இடம் மாற்றப்பட்ட தெய்வங்களை அவரவர் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பினேன், மக்களைக் கூட்டி அவரவர் இருப்பிடங்களுக்கு மீட்டேன் என்று அதில் சைரஸ் சொல்கிறார். ஆனால் யூதர்கள் பேச்சே அதில் கிடையாது, எருசலேமும் இல்லை. சைரஸ் நன்றி சொல்வது பாபிலோனின் தெய்வமான மர்துக்குக்கு. உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று இதைச் சொல்வது மிகை. புதிதாகப் பிடித்த ஊரில் கோயிலையும் பூசாரிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது அந்தப் பகுதி அரசர்கள் பலர் செய்ததுதான். யூதர்களுக்கு அவர் செய்ததும் அந்தக் கொள்கையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும். அப்புறம், யூதேயா எகிப்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. சைரசின் மகன் காம்பீசஸ் கி.மு. 525இல் எகிப்தைப் பிடித்தார். அந்த வழியில் நன்றியுள்ள ஒரு கோயில் நகரம் இருப்பது எந்தப் பேரரசுக்கும் லாபம்தானே.

திரும்பியவர்கள் 42,360 பேர் என்கிறது எஸ்றா புத்தகம். அவர்கள் ஒரே கூட்டமாக வந்திருக்க முடியாது, பல பத்தாண்டுகளில் சிறு சிறு குழுக்களாக வந்தவர்களின் கணக்காக இருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வந்த உடனே ஆலயம் எழும்பிவிடவும் இல்லை. கி.மு. 520இல் ஆகாய், சகரியா என்ற இரண்டு தீர்க்கதரிசிகள் ஜனங்களை உலுக்கிய பிறகுதான் வேலை மறுபடி நடந்தது; நதிக்கு, அதாவது யூப்ரடீசுக்கு, இப்பாலுள்ள நாடுகளின் ஆளுநர் தத்னாய் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டுத் தலைமையிடத்துக்கு எழுதினார், அங்கே பழைய கோப்பு கிடைத்தது, 515இல் கட்டி முடித்தார்கள். இந்தத் தத்னாய் கதைப் பாத்திரம் இல்லை, கி.மு. 502ஆம் ஆண்டுப் பாபிலோனிய களிமண் பலகை ஒன்றில் அதே பதவியோடு அவர் பெயர் இருக்கிறது. கட்டுமானத்தைத் தொடங்கிவைத்தவர் தாவீது வம்சத்தில் வந்த செருபாபேல், ஆனால் முடிவைச் சொல்லும் இடத்தில் அவர் பெயரைக் காணோம். ராஜ வம்சம் அதோடு மங்கிப்போய், ஊரின் தலைமை ஆசாரியர்களிடமும் பாரசீகம் நியமித்த ஆளுநரிடமும் போய்ச் சேர்ந்தது.

சரி, திரும்பாதவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி வேதாகமம் அதிகம் பேசுவதில்லை, களிமண் பலகைகள் பேசுகின்றன. பாபிலோனியாவில் நிப்பூர் நகரத்துச் சுற்றுவட்டாரத்தில் அல்-யாகூது என்றொரு ஊர் இருந்தது. ‘யூதா ஊர்’ என்றுதான் அதற்கு அர்த்தம், கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட இடத்துக்கும் சொந்த ஊர்ப் பெயரே வந்திருக்கிறது. அந்த ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த ஏறக்குறைய 200 பலகைகள் கி.மு. 572 முதல் 477 வரையான தேதிகளோடு கிடைத்திருக்கின்றன. முறையாக அகழ்ந்து எடுத்தவை இல்லை, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. அதனால் ஊர் எந்த மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது, பெரிய இழப்பு. ஆனாலும் அவற்றில் ஒரு குடும்பமே உயிரோடு வருகிறது. அகீகாம் என்பவர் நிலம் பார்க்கிறார், வார்கோதுமையிலும் பேரீச்சம்பழத்திலும் கொடுக்கல் வாங்கல் செய்கிறார், வரி விவகாரங்களில் ஊருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நிற்கிறார். அவர் இறந்த பிறகு ஐந்து மகன்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு மகன் பெயர் ஆகாய், இன்னும் சிலர் பெயர்களில் யாகு இருக்கிறது.

இவர்களுடைய நிலம் இனாம் நிலம் இல்லை. அரசர் நிலம் கொடுப்பார், பதிலுக்குப் படைவேலைக்கோ வாய்க்கால் வேலைக்கோ ஆள் அனுப்ப வேண்டும், முடியாதவர்கள் வெள்ளி கட்ட வேண்டும். ஒரு நூற்றாண்டு கழித்து அதே நிப்பூரில் முராஷு என்ற பாபிலோனியக் குடும்பம் நிலத்தையும் தண்ணீரையும் குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விட்டு, கடனும் கொடுத்து வந்தது. 1893இல் கிடைத்த அவர்களின் நூற்றுக்கணக்கான பலகைகளில் யூதப் பெயர்கள் அங்கங்கே வருகின்றன: குத்தகைக்காரர், சாட்சி, கீழ்நிலை அதிகாரி, மீன் பிடிப்பவர். கி.மு. 421ஆம் ஆண்டுப் பலகையில் கெதலியா என்கிற யூதர், அரசர் ஆணைப்படி குதிரைப்படைக்குப் போவதற்காக, தனக்குக் குதிரையும் கவசமும் அம்புகளும் ஈட்டிகளும் கொடுக்கும்படி முராஷு குடும்பத்தாரிடம் ஒப்பந்தம் போடுகிறார். சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஐந்தாறு தலைமுறை பின்னால் வந்தவர் இவர். சிறை என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் கற்பனை செய்யும் சங்கிலியும் அழுகையும் இந்தப் பலகைகளில் இல்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பினாரே, அதைச் செய்திருக்கிறார்கள். பஞ்சம் பிடித்த மலைநாட்டுக்குத் திரும்பிப் போக இவர்களுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? போனவர்களுடைய பக்தியைத்தான் நாம் வியக்க வேண்டுமே தவிர, இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனவர்கள் போய்ச் சேர்ந்த யூதேயா, பாரசீக அரமேயத்தில் யெகூத், மிகச் சிறிய மாகாணம். எருசலேமில் அப்போது சில நூறு பேர்தான் இருந்தார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டு மூன்றாயிரம் என்பவர்களும் இருக்கிறார்கள், எந்தக் கணக்கிலும் அது பெரிய ஊர் இல்லை. பத்தில் ஒருவர் எருசலேமில் குடியேற வேண்டும் என்று சீட்டுப் போட்டு ஆள் பிடித்ததை நெகேமியா 11இல் படிக்கலாம். அரசாங்கத்துக்கு வேண்டியது வரி. எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் நடுவில் ராமாத் ராகேல் என்ற மேட்டில் அரசாங்க மாளிகை ஒன்று இருந்தது, திராட்சரசமும் எண்ணெயும் ஜாடிகளில் அங்கேதான் வந்து சேரும், ஜாடிக் கைப்பிடிகளில் யெகூத் என்று முத்திரை. அந்த மாளிகைத் தோட்டத்துக் குளத்தின் பூச்சில் ஒட்டிக்கொண்டிருந்த மகரந்தத்தை டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது எத்ரோக் எனப்படும் பெரிய நாரத்தை வகைப் பழமரம் அங்கே இருந்தது தெரிந்தது. இந்தியப் பக்கத்து மரம் அது, பாரசீகம் வழியாகப் போயிருக்கிறது. இன்று கூடாரப் பண்டிகையில் யூதர்கள் கையில் பிடிக்கும் பழம் இதுதான், ஒரு காலத்தில் வரி வசூல் மாளிகையின் அலங்காரத் தோட்டத்தில் நின்றிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

அந்த வரி மக்களை எப்படிப் பிழிந்தது என்பதற்கு நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ராஜாவுக்குத் தீர்வை கட்ட நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக்கிக் கொடுக்க வேண்டிவந்தது, எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்று கூக்குரலிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, அவர்களுடைய சகோதரர்களான யூதப் பெரியவர்கள்தான். பாரசீகத்துக்கு வரி வெள்ளியாகப் போக வேண்டும், விவசாயியிடம் இருப்பதோ தானியம், இந்த இடைவெளியில்தான் கடன்காரன் நுழைந்தான். கி.மு. 445இல் அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர் பதவியிலிருந்து ஆளுநராக வந்த நெகேமியா, 52 நாளில் மதிலைக் கட்டி முடித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடகு நிலங்களைத் திருப்பிக் கொடுக்கவும் வட்டியை விட்டுவிடவும் அந்தப் பெரியவர்களைக் கூட்டிவைத்துச் சத்தியம் வாங்கினாரே, மதிலைவிட அது கடினமான வேலை.

அவருக்குச் சற்று முன்பு, வழக்கமான கணக்குப்படி கி.மு. 458இல், பாபிலோனிலிருந்து ஆசாரியரும் வேதபாரகருமான எஸ்றா வந்தார். கையில் நியாயப்பிரமாணம், கூடவே அரசரின் அதிகாரக் கடிதம். அந்தக் கடிதத்தில் ‘தாத்’ என்ற பாரசீகச் சொல் வருகிறது, சட்டம் என்று பொருள்: உன் கடவுளின் தாத், ராஜாவின் தாத், இரண்டையும் மீறுபவனுக்குத் தண்டனை. மோசேயின் சட்டம் ஒரு வேற்றரசனின் அதிகாரத்தோடு செல்லுபடியாகும் சட்டமாக ஆகிறது இங்கே. அந்தத் தாத் என்ற சொல் எபிரேயத்தில் தங்கி, இன்றைய இஸ்ரேலில் மதம் என்பதற்கே அதைத்தான் சொல்கிறார்கள். மாதப் பெயர்கள் நிசான், ஆதார், கிஸ்லே எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை. நாளடைவில் பழைய எபிரேய எழுத்து போய் அரமேயச் சதுர எழுத்து வந்தது, இன்று அச்சிடப்படும் எபிரேயம் அந்த எழுத்துதான்.

எஸ்றா செய்ததில் இன்றும் படிக்க வலிக்கிற காரியம் ஒன்று உண்டு. வேற்று ஜாதிப் பெண்களைக் கல்யாணம் செய்தவர்கள் அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள், மழையில் நடுங்கிக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்த காட்சி எஸ்றா 10இல் இருக்கிறது. சிறிய ஊர், சுற்றிலும் சமாரியா, அஸ்தோத், அம்மோன் என்று பெரிய அண்டை அயலார், இப்படிப்பட்ட கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு யூத பாஷை பேசத் தெரியவில்லை என்று நெகேமியா பதறுகிறார். கரைந்துபோவோம் என்ற பயம் பொய்யில்லை. நிலம் கல்யாணத்தின் வழியாக வெளியே போகும் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கலாம். ஆனால் அனுப்பப்பட்ட பெண்கள் பெயர் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. கணவன்மார் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

எஸ்தர் புத்தகத்தைப் பற்றி ஓரிரு வரி. அகாஸ்வேரு என்பது செர்க்செஸ், கி.மு. 486 முதல் 465 வரை ஆண்டவர். எஸ்தர் என்ற ராணியைப் பற்றிப் பாரசீகப் பதிவு எதுவும் இல்லை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் சொல்லும் ராணியின் பெயர் அமெஸ்திரிஸ். அதனால் இதைச் சம்பவக் குறிப்பாகப் படிக்காமல், அரண்மனை வாழ்க்கை தெரிந்த ஒருவர் எழுதிய கதையாகப் படிப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதில் ஒரு வாக்கியம் மிக முக்கியமானது: மொர்தெகாய் என்ற யூதன் ஒருவன் இருந்தான், அவன் பென்யமீனியன். கோத்திரம் பென்யமீன், பிழைப்பு பாரசீக அரண்மனை நகரமான சூசானில், பெயரில் மர்துக்கின் சாயல், ஆனாலும் யூதன். யூதா தேசத்தான் என்பதற்கான சொல் ஒரு ஜனத்தாரின் பெயராகிவிட்டது. திரும்பிப் போக வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இப்போது எலிபன்டைனுக்குத் திரும்புவோம். அங்கே யூதர்கள் பாரசீகருக்கு முன்பே போய்விட்டார்கள், எகிப்திய அரசர்கள் காலத்திலேயே எங்கள் முன்னோர் இந்தக் கோயிலைக் கட்டினார்கள், காம்பீசஸ் வந்தபோதும் அதைத் தொடவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இதுவரை அங்கே கிடைத்த பாப்பிரஸ்களில் வேதாகமப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஆனால் பாரசீக அரசர் தரியுவின் வெற்றியைச் சொல்லும் பெஹிஸ்துன் கல்வெட்டின் அரமேயப் படி இருக்கிறது. கோயில் காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகுவுக்கு ஒரு தொகை, அனாத்-பெத்தேல் என்ற பெண் தெய்வத்துக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கி.மு. 419இல் அனனியா என்ற வேறொருவர் அவர்களுக்கு எழுதிய கடிதம், நிசான் மாதம் 15 முதல் 21 வரை புளித்தது எதுவும் கூடாது என்று விளக்கிச் சொல்கிறது. நம்மைப் போல அவர்களும் யூதர்கள், ஆனால் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று நினைத்து எழுதியது போல இருக்கிறது அது.

வீடு வாங்கிய அனனியா அந்தக் கோயில் ஊழியர். அவர் கி.மு. 449இல், எஸ்றா எருசலேம் வந்ததாகச் சொல்லப்படும் தேதிக்கு ஒன்பதே ஆண்டு கழித்து, ஓர் எகிப்தியப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். பெயர் தாமேத், மெசுல்லாம் என்ற யூதரின் அடிமை. அவள் கொண்டுவந்தது ஒரு கம்பளி உடை, ஒரு கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, கொஞ்சம் வாசனை எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். அவளும் சபை முன் எழுந்து விவாகரத்து கேட்கலாம் என்று கல்யாணப் பத்திரத்திலேயே இருக்கிறது. கி.மு. 427இல் மெசுல்லாம் அவளுக்கும் மகள் யெகோயிஷ்மாவுக்கும் தன் மரணத்துக்குப் பிறகு விடுதலை எழுதிக் கொடுத்தார்.

கி.மு. 410இல் எகிப்தின் மாகாண அதிபதி அர்சாமா அரசரைப் பார்க்கப் போயிருந்த சமயம், க்னூம் பூசாரிகள் உள்ளூர்ப் பாரசீகத் தலைவர் விதரங்காவுக்குப் பணம் கொடுத்து, அவருடைய மகனின் படையை வைத்து யாகு கோயிலைத் தரைமட்டமாக்கினார்கள். கல் வாசல்கள் ஐந்தும் போயின, கேதுரு மரக் கூரை எரிந்தது, பொன் வெள்ளிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்கள். பஸ்கா பண்டிகைக்கு ஆடு வெட்டுவது ஆட்டுக்கடாத் தெய்வத்தின் பூசாரிகளுக்குப் பொறுக்கவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அந்நிய ஆட்சிக்குக் காவல் நிற்கும் அந்நியர்கள் மேல் ஊராருக்கு இருந்த கோபமும் காரணமாக இருந்திருக்கும். யூதர்கள் துக்கத்துக்கு இரட்டு, அதாவது சாக்குத்துணி, உடுத்தி உபவாசம் இருந்தார்கள். எருசலேமின் பிரதான ஆசாரியர் யோகனானுக்கு எழுதினார்கள், பதில் வரவில்லை. கி.மு. 407 நவம்பரில் யூதேயாவின் பாரசீக ஆளுநர் பகோகிக்கு மறுபடி எழுதினார்கள்: மூன்று வருஷமாக எண்ணெய் தேய்க்கவில்லை, திராட்சரசம் குடிக்கவில்லை, எங்கள் மனைவிகள் விதவைகள் போல இருக்கிறார்கள். அதே செய்தியைச் சமாரியாவின் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் அனுப்பினார்கள். ஆமாம், நெகேமியாவை எதிர்த்த அந்தச் சன்பல்லாத்துதான். எருசலேமுக்கும் சமாரியாவுக்கும் இருந்த பகை இவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, அல்லது அந்தப் பகை பற்றிய செய்தியே இவர்களுக்கு வந்து சேரவில்லை.

பகோகியும் சமாரியாவின் சன்பல்லாத்தின் மகன் தெலாயாவும் சேர்ந்து பதில் கொடுத்தார்கள். முன்பு இருந்த இடத்திலேயே கட்டலாம், போஜன பலியும் தூபமும் செலுத்தலாம். மிருக பலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எலிபன்டைன் பெரியவர்கள் ஐந்து பேர் ஆடு மாடு வெட்ட மாட்டோம் என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எருசலேமின் தனி உரிமைக்கு விட்டுக்கொடுத்ததா, க்னூம் பூசாரிகளைச் சமாதானப்படுத்தியதா, இரண்டுமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

கி.மு. 402 டிசம்பரில் அனனியா தன் வீட்டில் ஒரு பகுதியை மருமகனுக்கு 13 சேக்கலுக்கு விற்றார். விற்பவர்களாக இரண்டு பெயர்: யாகுவின் ஊழியர் அனனியா, அவர் மனைவி, யாகுவின் ஊழியக்காரி தாமேத். நான்கெல்லையில் அரசரின் கருவூலம் அப்படியே இருக்கிறது, யாகுவின் கோயிலும் இருக்கிறது.